வெளிச்சம் விடாத பொட்டு

உங்கள் லாப்புக்குப் புதிதாக ஒரு மெசின் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒரு துளி இரத்தத்தை விழுங்கிவிட்டு, இந்த ஆளுக்கு எந்த மருந்து ஒத்துவரும், எது ஒத்துவராது என்று தானே கடதாசியில் அடித்துத் துப்புமாம். பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவர்கள் அதைச் சுற்றி நின்று எடுத்த படத்தை அனுப்பியிருந்தீர்கள். மெசினைத் தவிர எல்லோரும் சிரித்தபடி நிற்கிறீர்கள். ஆளுக்கேற்ற மருத்துவம் என்று அதற்கு அழகான பெயரும் வைத்திருக்கிறீர்கள். அதைப்பற்றி வந்து பேசச் சொன்னீர்கள். பேச எழும்பினால் எனக்கு அரைவாசி நேரம் தொண்டையைச் செருமவே போய்விடும். ஆகவே எழுதித் தருகிறேன். வாசிக்க அலுத்தால் மடித்து மெசினின் காலுக்கடியில் வையுங்கள், ஆடாமல் நிற்கும்.

போர்நிறுத்த காலத்தில் கிளிநொச்சிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் லாப்பில் இருந்தேன். லாப் என்றால் மூன்று மேசை, ஒரு நுணுக்குக்காட்டி, மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு குளிர்ப்பெட்டி, கடைசி அலுமாரியில் சோதனைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் என்னுடைய நாவல்கள். லாப்பில் கதைப்புத்தகம் வாசிக்கிறவன் என்ற கெட்ட பெயர் எனக்கு இருந்தது. அது முழு உண்மை.

அந்த நாட்களில் எங்களுக்கு மலேரியா ஒரு வெட்கமில்லாத விருந்தாளி. போய்விட்டது என்று பாயைச் சுருட்டி வைக்கத் திரும்பி வந்து நிற்கும். அது ஈரலுக்குள் ஒளித்திருந்து திரும்பி வராமல் இருக்க பிரைமாகுயின் என்ற சின்னக் குளிசை ஒன்றை இரண்டு கிழமை கொடுப்போம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் சிலருடைய இரத்தத்தில் ஒரு நொதியம் குறைவு. அந்தக் குளிசை போனால் அவர்களின் சிவப்பணுக்கள் உடையும். ஒருமுறை அப்படி ஒருவர் வந்தார். வெறுந்தேத்தண்ணி நிறத்தில் சலம் போய், கண்ணெல்லாம் மஞ்சளாகி, சாவின் வாசல் வரை போய்த் திரும்பினார்.

அன்று வார்ட்டிலிருந்து வந்து எங்கள் டொக்டர் கதிரையில் இருந்தா. அவாவின் பெயரை எழுதமாட்டேன், எழுதினால் ஏசுவா. பிறகு சொன்னா: "மருந்திலை பிழையில்லை. ஆளிலையும் பிழையில்லை. பொருத்தம் பார்க்காமல் ரெண்டையும் சேர்த்து வைச்ச எங்களிலைதான் பிழை. கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற சனம், குளிசைக்கு ஒண்டாவது பார்க்கக் கூடாதோ?"

அப்படித்தான் எங்கள் ஆராய்ச்சி தொடங்கியது. போர்நிறுத்தத்தோடு பாதை திறந்திருந்ததால் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு மருத்துவ மாணவர்களைப் பயிற்சிக்கு எடுப்பித்தா. தர்சினி எதையும் இரண்டுதரம் கேட்டுத்தான் நம்புவாள். கோகுலன் எதையும் பகிடியாக்கித்தான் நம்புவான். காய்ச்சல் வருமுன்பே பக்கத்து ஊரான ஸ்கந்தபுரத்துச் சனத்தின் இரத்தத்தைச் சோதித்து, யாருக்கு அந்தக் குளிசை ஆகாது என்று சொல்லி வைப்பதுதான் வேலை.

சோதனையின் விபரம் உங்களுக்கு வேண்டாம், உங்கள் மெசின் அதைக் கேட்டால் சிரிக்கும். சுருக்கமாக, சோதனை மருந்தோடு கலந்த இரத்தத்தைக் கடதாசியில் பொட்டாக வைத்து, காயவிட்டு, இருட்டில் ஊதா லாம்பைப் பிடிக்க வேண்டும். நொதியம் இருந்தால் பொட்டு நிலாபோல வெளிச்சம் விடும். குறைவென்றால் இருட்டாகவே கிடக்கும். எங்களிடம் எல்லாம் இருந்தது, லாம்புதான் இல்லை. கடைசியில் அதைத் தந்தவர் முல்லைத்தீவில் ஒரு முஸ்லிம் வியாபாரி. இடம்பெயர்ந்து போய், திரும்பி வந்து, பழைய இடத்திலேயே கடை திறந்திருந்தார். கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருந்த லாம்பு அது.

முதல்நாள் ஒருவர் விரலை மற்றவர் குத்திப் பழகினோம். என் பொட்டு வெளிச்சம் விட்டது. தர்சினியின் பொட்டு என்னுடையதைவிட நன்றாக விட்டது. கோகுலனின் பொட்டு விடவில்லை. தர்சினி வழக்கம்போல இரண்டாந்தரம் செய்தாள். அப்போதும் இருட்டு. கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்தபோது கோகுலன் சிரித்துக்கொண்டிருந்தான், ஆனால் விரலை மற்றக் கையால் பொத்தியிருந்தான்.

லாப்வேலை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று விளங்கும். ஒவ்வொரு நாளும் சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க, இருட்டாக வரும் என்று நிச்சயமாகத் தெரிந்த ஓர் இரத்தம் பக்கத்தில் வேண்டும். எங்களுக்கு அது சம்பளமில்லாமல், சாப்பாடும் கேட்டுக்கொண்டு, சைக்கிளில் வந்தது. காலையில் வந்ததும் அவனே விரலை நீட்டுவான். எல்லாம் முடிந்து லாம்பைத் திருப்பிக் கொடுக்கப் போன நாளில் அவன் வாயாலேயே கதையைக் கேட்ட வியாபாரி, "தம்பி, எங்கட யாவாரத்தில பளிச்செண்டு மினுங்கினாத்தான் கள்ளநோட்டு. நல்ல நோட்டு இருட்டாத்தான் கிடக்கும்" என்று அவன் முதுகில் தட்டினார். ஆனால் எங்களிடம் முதல்நாளே அவன் ஒன்று கேட்டிருந்தான். யாழ்ப்பாணத்தில் அக்காவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். குடும்பத்து இரத்தத்தைப் பற்றி ஒரு கதையும் வெளியில் போகக்கூடாது. அவனுடைய அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

அதைக் கேட்ட எங்களுக்கு அப்போதே புத்தி வந்திருக்கலாம்.

வரவில்லை. சோதனை முடிந்து, முடிவெழுதிய அட்டை, எங்கள் பாசையில் காட், கொடுக்கும் கட்டம் வந்தது. சாதாரணமானவர்களுக்குப் பச்சை, குளிசை ஆகாதவர்களுக்குச் சிவப்பு என்று மாணவர்கள் தீர்மானித்தார்கள். சந்தியிலுள்ள சமிக்ஞை விளக்கு மாதிரி இலகுவாக விளங்கும் என்றார்கள். வன்னி முழுக்கத் தேடினாலும் அப்போது சமிக்ஞை விளக்கு ஒன்று கிடையாது. எங்கள் பெடியன்களுக்குத் தெரிந்த சிவப்புக் காட் உதைபந்தாட்டத்தில் மைதானத்தை விட்டு வெளியே போ என்று காட்டுவது ஒன்றுதான். இது போதாதென்று காட் கொடுக்க வாசிகசாலையைப் பிடித்தோம். ஒலிபெருக்கியில் பேர் கூப்பிட்டோம். சனம் வரிசையில் வந்து வாங்கிக்கொண்டு போகாமல், மற்றவருக்கு என்ன நிறம் என்று பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவருடைய சங்கதியை அவர் காதுக்குள் சொல்வதற்குப் பதிலாக ஊருக்கு ஒலிபரப்பிய முதல் ஆராய்ச்சிக் குழு நாங்களாகத்தான் இருக்கும்.

சிவப்பு வாங்கியவர்களில் ரவி என்ற உழவுமெசின் சாரதியும் ஒருவன். அவனுக்கும் அதே ஊர் சுகந்திக்கும் கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. இரண்டு நாளில் சுகந்தியின் தாய் பூமணியக்கா, இரத்தத்தில் குறையுள்ள மாப்பிள்ளை வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டா.

அடுத்தநாள் ரவியின் தகப்பன் மாரிமுத்து லாப்புக்கு வந்தார். கலவரம் ஒன்றுக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்து, காடு வெட்டிக் கமக்காரனானவர். கதிரையில் இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை. மகனின் காட்டை மேசையில் வைத்தார்.

"ஒரு பச்சை அட்டை எழுதிக் குடுத்துடுங்க சார். பொண்ணு வீட்டுல காட்டிட்டுக் கிழிச்சுப் போட்டுடறேன்."

தர்சினி, கிழித்த பிறகு மகனுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

"காய்ச்சல் வந்தா பாத்துக்கலாம்மா. பொண்ணு போனா வருமா?"

பச்சையை நம்பி யாராவது அந்தக் குளிசையைக் கொடுத்தால் பெடியன் போய்விடுவான் என்று நான் விளங்கப்படுத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"மலைநாட்டு ஆளுங்கன்னு எங்களுக்கு ஏற்கெனவே ஒரு செவப்பு அட்டை இருக்கு சார். அது பழசாகிப் போச்சுன்னு நெனச்சேன். நீங்க புதுசு குடுத்துட்டீங்க" என்று சொல்லிவிட்டு, மகனின் காட்டை எடுத்து, மடங்காமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு லாப்பில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் மேசையிலிருந்த பெட்டியில் நின்றது. வாசிகசாலைக்கு வராதவர்களின் காட்டுகள் அதற்குள் கிடந்தன. அதில் ஒன்று சுகந்தியின் தம்பியுடையது. இரத்தம் கொடுத்துவிட்டு வவுனியாவில் கடைவேலைக்குப் போயிருந்தான். அவனுடைய காட்டும் சிவப்பு.

விளங்குகிறதுதானே? பூமணியக்கா எந்தக் குறையைச் சொல்லி மாப்பிள்ளையைத் தள்ளினாவோ அதே குறை அவாவின் வீட்டுக்குள்ளும் இருந்தது. நாங்கள் வாயைத் திறந்தால் போதும், கலியாணம் திரும்பி வரும். வாயைக்கூடத் திறக்கத் தேவையில்லை, காட்டைத் தம்பிக்கென்று வீட்டில் கொடுத்துவிட்டு வருவோம், அது தன் வேலையைத் தானே செய்யும் என்று நான் சொன்னேன். நாவல் வாசிக்கிறவனுக்கு இப்படியான யோசனைகள் சுலபமாக வரும்.

தர்சினி பெட்டியை மூடி அதன்மேல் கையை வைத்தாள். "அவருக்கெண்டு எடுத்த ரத்தம் ஐயா. அவற்றை கையிலைதான் குடுப்பம். அவற்றை அம்மாவை வெல்லுறதுக்கு எடுக்கேல்லை."

அப்படியானால் ரவியின் கலியாணம் குழம்பட்டுமா என்று கேட்டேன். நாங்கள் டொக்டரிடம் போனோம். அவா முழுவதையும் கேட்டா.

"பிழை விட்டது நீங்கள். அதை மற்ற ஆக்களின்ரை ரத்தத்தாலை கழுவாதேங்கோ."

கோகுலன், "என்ரை ரத்தம் எண்டால்?" என்றான்.

டொக்டர் அவனை நெடுநேரம் பார்த்தா. அவாவுக்கு அவனுடைய அக்காவின் விசயம் தெரியும். "அது உம்மடை. நான் சொல்லு எண்டும் சொல்லமாட்டன், மறிக்கவும் மாட்டன்" என்றா. மேலதிகாரிகள் சொல்லி நான் கேட்ட வசனங்களில் மிகக் கடினமானது இதுதான். ஆணையிடுவது எவ்வளவு சுலபம் என்று பிறகு நானும் மேலதிகாரியானபோது கண்டுகொண்டேன்.

பின்னேரம் மூன்று பேரும் சைக்கிளில் பூமணியக்கா வீட்டுக்குப் போனோம். அவா கதிரை போட்டு மரியாதையாக இருத்தினா. சுகந்தி குசினிக்குள் இருந்தாள். கதவு திறந்திருந்தது, ஆள் தெரியவில்லை.

"கோவிக்காதேங்கோ தம்பி. உங்களிலை பிழையில்லை, நீங்கள் உள்ளதைச் சொன்னனீங்கள். ஆனால் உப்பிடிக் குறையுள்ள பெடியனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்? நீங்கள் சொல்லுங்கோ பாப்பம்."

கோகுலன் பகிடி விடவில்லை. நான் அறிய அன்று ஒருநாள்தான் விடவில்லை. "எனக்கும் அதுதான் அக்கா" என்றான்.

பூமணியக்காவுக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தா. நான் தலையாட்டினேன்.

"என்ரை பொட்டும் வெளிச்சம் விடாது. ஒவ்வொரு நாளும் இவையள் என்ரை விரலைத்தான் குத்திப் பார்க்கிறவை. அந்தக் குளிசையைக் குடிச்சால் எனக்கும் அதேதான் நடக்கும். குடிக்காட்டில் ஒண்டுமில்லை. ரவியண்ணையை விட எனக்கு ஒரு சொட்டும் கூடவுமில்லை, குறையவுமில்லை."

"டொக்டர் தம்பிக்குமோ" என்று அவா இழுத்தா. எங்கிருந்து வந்தது என்று கேட்டா. ஆண்பிள்ளைகளுக்குத் தாயிடமிருந்துதான் வரும் என்று அவன் சொன்னான்.

"அப்ப உங்கடை அம்மாவுக்கு இது தெரியுமோ?"

"இன்னும் சொல்லேல்லை. உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன்."

பூமணியக்கா கொஞ்ச நேரம் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தா. அவா மடைச்சி இல்லை. தாயிடமிருந்துதான் வரும் என்ற சொல் அவாவுக்குள் போய் ஓரிடத்தில் இருப்பதை நான் பார்த்தேன். பிறகு, நான் பயந்திருந்த கேள்வியைக் கேட்டா.

"எங்கடை பெடியனும் ரத்தம் குடுத்தவன். அவனுக்கு என்ன நிறம்?"

என் முகத்தை நான் நம்புவதில்லை. அதை அவசரமாகக் கிணற்றடிப் பக்கம் திருப்பி, ஒரு வாழைக்குலையை ஆராய்ந்தேன். தர்சினிதான் பதில் சொன்னாள். "அதை அவருக்குத்தான் சொல்லுவம் அக்கா. பச்சையெண்டாலும் அவருக்குத்தான், சிவப்பெண்டாலும் அவருக்குத்தான். இனிமேல் எல்லாருக்கும் அப்பிடித்தான்." தேநீருக்குச் சீனி போதும் என்பதுபோன்ற குரல். அந்தக் குரலை அவள் எங்கே படித்தாள் என்று எனக்குத் தெரியாது, எந்தப் பல்கலைக்கழகத்திலும் அது பாடமில்லை. அந்தப் பதிலிலிருந்து பூமணியக்கா எதையாவது கண்டுபிடித்தாவா என்பதும் இன்றுவரை தெரியாது. சொல்லாமல் விடுவதும் ஒரு சொல்லாகிவிடும் என்பதால்தான், நல்ல முடிவையும் கெட்ட முடிவையும் ஒரே குரலில் மறைக்கப் பழகுங்கள் என்று உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போதுதான் குசினிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அவர் குடிக்கக்கூடாத குளிசைக்கு என்ன பேர்?"

கோகுலன் சொன்னான். கதவுக்குப் பின்னால் அந்தப் பெயரைச் சுகந்தி மெதுவாகத் தனக்குள் சொல்லிப் பார்ப்பது கேட்டது. முதல்தரம் இடறியது. இரண்டாந்தரம் சரியாக வந்தது. "வேறை ஏதும் இருக்கோ?" என்றாள். இன்னும் இரண்டொரு மருந்தின் பெயரைத் தர்சினி சொன்னாள். அவற்றையும் சொல்லிப் பார்த்தாள்.

அந்தக் காட் கொடுத்த நாளிலிருந்து ஸ்கந்தபுரத்தில் ஆயிரம் கேள்வி கேட்டுவிட்டார்கள். தொற்றுமா, பிள்ளை பிறக்குமா, வயல்வேலை செய்யலாமா, யார் விட்ட பிழை. ரவிக்கு எதைக் கொடுக்கக்கூடாது என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் இரத்தம் குத்தித் திரிந்ததே அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

பூமணியக்கா எழும்பி, "தேத்தண்ணியை வை பிள்ளை" என்றுவிட்டு, எங்களிடம் வேறு கதை கதைக்கத் தொடங்கினா. அந்த வருடம் மழை பிந்தியதைப் பற்றி. கலியாணம் தப்பிவிட்டது என்று அந்த மழைக்கதையில்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு எல்லாக் காட்டும் ஒரே வெள்ளை நிறத்தில் அடித்தோம். வீடு வீடாகப் போய், ஆளை ஆள் தனியே கூப்பிட்டுக் கையில் கொடுத்தோம். வாசிகசாலையில் ஒரு பின்னேரத்தில் முடிந்த வேலை, பயிற்சிக்காலம் முடியும்வரை இழுபட்டது. சுகந்தியின் தம்பி வவுனியாவிலிருந்து வந்தபோது தர்சினி பஸ் நிற்கிற இடத்துக்கே போய்க் கொடுத்தாள். அவன் பார்த்துவிட்டு, மச்சானுக்குத் துணை கிடைத்தது என்று சிரித்தானாம்.

கலியாணவீட்டில் பூமணியக்கா கோகுலனைக் கையில் பிடித்து இனசனத்துக்கு அறிமுகப்படுத்தினா. இந்தத் தம்பிக்கும் எங்கள் மாப்பிள்ளைக்கும் ஒரே இரத்தம், இவர் டொக்டருக்குப் படிக்கிறார் என்று பெருமையாகச் சொன்னா. பெடியனின் இரகசியம் அவன் பஸ் ஏறுமுன்பே யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்திருக்கும். அவனுடைய அக்காவுக்குப் பேசிய இடம் விலகியது. பிறகு வேறோர் இடத்தில் நடந்தது, நல்ல இடம்தான். முதல் இடம் விலகியதற்கு இதுதான் காரணமா என்று நான் கேட்கவில்லை, அவன் சொல்லவுமில்லை. இப்போது அவன் கடல்கடந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் உங்கள் மெசினின் பெரியண்ணன்மாரோடு வேலை செய்கிறான். எப்போதாவது தொலைபேசியில் வந்தால், லாப்பில் இருட்டுப் பொட்டுக்கு இப்போது ஆர் என்று கேட்பான்.

அந்தக் காலை நேரங்களை நான் அடிக்கடி நினைக்கிறேன். மண்ணெண்ணெய் மணமும், கறுப்புத் துணிக்குள் மூன்று தலையும், நிலாபோல எழும்பும் பொட்டுகளின் நடுவில் எழும்பாத அந்த ஒன்றும். திருவிழாக் காலத்தில் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போகும் சனம் வழியில் எங்கள் லாப்புக்குள் எட்டிப்பார்த்து, உள்ளே ஏதோ பூசை நடக்கிறதென்று பயபக்தியோடு செருப்பைக் கழற்றியதும் உண்டு. நாங்களும் மறுக்கவில்லை. உலகம் இனி இப்படியே இருக்கும் என்று நினைத்தோம்.

இரண்டாயிரத்து ஒன்பதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்த வருடத்தின் நடுப்பகுதியில், வவுனியாவுக்கு வெளியே, எங்களை வைத்திருந்த முகாமில் ஒரு கூடாரத்துக்குள் என்னிடம் ஒரு நுணுக்குக்காட்டியைத் தந்து மலேரியா பார்க்க விட்டார்கள் என்பது மட்டும் போதும். நானும் அந்த முகாமில் இருந்தவன்தான், வேலை தந்தது பெரிய உபகாரம். பக்கத்து மேசையில் ஒரு இளம் மருந்தாளர் குளிசை கொடுத்துக்கொண்டிருந்தார். பெரிய வரிசை. வெயில். எல்லோரும் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் போனார்கள்.

ஒரு பெண் மட்டும் போகவில்லை. கணவனின் பெயரெழுதிய துண்டை நீட்டி, கிடைத்த குளிசைகளை உள்ளங்கையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, ஒன்றின் பெயரைக் கேட்டாள். அவர் சொன்னார்.

"அது அவருக்கு ஒத்துவராது."

சோதித்த காட் இருக்கிறதா என்று மருந்தாளர் கேட்டார். காட் கடலேரியைக் கடந்தபோது தண்ணியோடு போய்விட்டது என்றாள். காட் இல்லாமல் எப்படி நம்புவது என்றார் அவர். அவரில் பிழையில்லை, வரிசை நீளம். அவள் நகரவில்லை. ஒத்துவராத மருந்துகளின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக, இடறாமல் சொன்னாள்.

அந்தப் பெயர்களை அந்த ஒழுங்கில் நான் முன்பு ஒரு குசினிக் கதவுக்குப் பின்னால் கேட்டிருந்தேன். நுணுக்குக்காட்டியிலிருந்து தலையை எடுத்தேன். முகம் கறுத்து மெலிந்திருந்தது. முதலில் அவள்தான் என்னை அடையாளம் கண்டாள்.

"ஐயா, நீங்கள் சொல்லுங்கோ இவருக்கு."

நான் எழும்பிப் போய்ச் சொன்னேன். மருந்தாளர் அந்தக் குளிசையைத் திருப்பி எடுத்து, மற்றதை மட்டும் கட்டிக் கொடுத்தார். ரவி கூடாரத்துக்குள் காய்ச்சலோடு கிடக்கிறான், ஆள் உயிரோடு இருக்கிறான் என்றாள். அம்மாவைப் பற்றி நான் கேட்க வாயெடுத்தேன். அவள் இல்லையென்று தலையை மெதுவாக ஆட்டினாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

போகத் திரும்பியவள் நின்று, துண்டை என்னிடம் நீட்டினாள்.

"இதிலை எழுதி விடுங்கோ ஐயா. நான் நிக்காத நேரம் ஆரும் குடுத்துப்போடுவினம். எல்லாருக்கும் தெரியிற மாதிரிப் பெரிசா எழுதுங்கோ."

என்னிடம் நீலப் பேனை ஒன்றுதான் இருந்தது. கொடுக்கக்கூடாத மருந்துகளின் பெயர்களை ஓரத்தில் எழுதிவிட்டு, துண்டின் குறுக்கே, வரிசையின் கடைசி ஆளுக்கும் தெரியும் அளவில் எழுதினேன்: சிவப்பு.